குன்னூர்க் குளிரில் ஓ.பி.டி. வளர்க்கலாமா?

குன்னூரிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: நான்கு வருடமாக மெக்சிகன் ரெட்-நீ டரான்டுலா என்ற முடி அடர்ந்த பெரிய சிலந்தி ஒன்றை வளர்க்கிறார், ஒருநாளும் தொல்லை இல்லை. கோயம்புத்தூரில் தெரிந்தவர் ஒருவர், ஓ.பி.டி. என்ற ஆப்பிரிக்கச் சிலந்தியில் வளர்ந்த பெண் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா, குன்னூர்க் குளிர் அதற்குத் தாங்குமா, கடித்தால் என்ன ஆகும், கொஞ்ச நாள் பழகினால் கையில் ஏற்றலாமா என்று கேட்கிறார். வீட்டில் அம்மாவும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள் என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். பார்க்க நான்கு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான்: ரெட்-நீயோடு சேர்த்த அனுபவம் இதற்குக் கைகொடுக்குமா? பாதிதான் கொடுக்கும். மீதிப் பாதி எதிராக வேலை செய்யும். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், சொல்வதை எடைபோட உதவும். கோத்தகிரிக்காரன். ஜெர்மனியில் ஒன்பது வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது சிலந்தி வளர்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதில் ஏழு வருடம் ஒரே ஒரு பெண் ஓ.பி.டி. என்னோடு இருந்தாள். ஊர் திரும்பும்போது அங்கேயே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். இப்போது எதுவும் வளர்க்கவில்லை. மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு பக்கமும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஓ.பி.டி. என்பது ஆரஞ்சு பபூன் டரான்டுலா. டெரினோகிலஸ் மியூரினஸ் என்பது அறிவியல் பெயர். 1897இல் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த போகாக் பெயர் வைத்தார். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா தொடங்கிக் கீழே வரை பரவியிருக்கிறது. அதே போகாக் இரண்டே வருடம் கழித்து நம் மலையில் கிடைத்த டரான்டுலா ஒன்றுக்கு ஹாப்லோகிளாஸ்டஸ் நீல்கிரினஸ் என்று பெயர் வைத்தார். ஆகவே இந்த வகை உயிர் நம் ஊருக்கு அந்நியம் இல்லை, இந்த இனம்தான் அந்நியம். கால் விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும், 12 சென்டிமீட்டருக்கு மேலும் போகும். பெண் பத்து வருடத்தைச் சுலபமாகத் தாண்டும். ஆண் மூன்று, நான்கு வருடத்தில் முடிந்துவிடும். ஓ.பி.டி. என்ற ஆங்கில எழுத்துகளை வளர்ப்பவர்கள் கேலியாக 'ஆரஞ்சு நிறத்தில் கடிக்கிற ஏதோ ஒன்று' என்றும் விரிப்பார்கள். அந்தக் கேலி அனுபவத்தில் பிறந்தது.

அனுபவம் எதிராக வேலை செய்யும் என்றேனே, அதற்கு வருகிறேன். உங்கள் ரெட்-நீ அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பக்கத்துச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பு முடி உண்டு. பிடிக்காதது ஏதாவது நடந்தால் திரும்பி நின்று பின்னங்காலால் அந்த முடியை உதறிவிடும். நீங்களும் நான்கு வருடத்தில் சில தடவை கை அரித்துச் சொறிந்திருப்பீர்கள். இதனால் அதற்குக் கடிக்க வேண்டிய அவசியம் அரிதாகவே வருகிறது. உங்களுக்கோ எச்சரிக்கைக்கும் விபத்துக்கும் நடுவே தாராளமான அவகாசம் கிடைத்துவிடுகிறது. அந்த அவகாசத்துக்குத்தான் உங்கள் கை பழகியிருக்கிறது. ஆப்பிரிக்க, ஆசியச் சிலந்திகளுக்கு இந்த முடி கிடையாது. அவற்றிடம் இருப்பது ஓட்டமும் கடியும்தான். ஓ.பி.டி. முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து பற்களைக் காட்டும், சில நேரம் சீறலும் கேட்கும். சீறல் வாயிலிருந்து வருவதில்லை, வாய்ப்பகுதியில் இருக்கும் முட்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். இதெல்லாம் நடக்க எடுப்பது ஒரு நொடி. அடுத்த நொடி அது அங்கே இருக்காது. ரெட்-நீயிடம் பழகிய கை அந்த ஒரு நொடியில் 'கொஞ்சம் பொறுப்போம், திரும்பிக்கொள்ளும்' என்று காத்திருக்கும். அங்கேதான் கடி விழும்.

ஆனால் இதைக் கோபக்காரச் சிலந்தி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏழு வருடத்தில் அவள் என்னைத் துரத்தி வந்து தாக்கியது ஒருமுறைகூட இல்லை. நடந்த ஒவ்வொரு சண்டையும் நான் அவளுடைய வலையைக் கிழித்தபோது நடந்தது. இந்தச் சிலந்திக்குக் கண் பார்வை மிகவும் சுமார். காலில் இருக்கும் நுண்முடிகள் வழியாக அதிர்வை உணர்ந்துதான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. அது பின்னும் வலை பூச்சி பிடிக்கும் பொறி மட்டும் இல்லை, உடம்பின் நீட்சி என்றே சொல்லலாம். கதவைத் திறந்தால், மேசையில் டம்ளர் வைத்தால், வலை வழியாகச் செய்தி போய்விடும். முழு வலை இருந்தால் அந்தச் செய்தி வந்த கணமே உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். வலை இல்லையென்றால் ஒளிய இடம் இல்லை, அப்போது நின்று போராடும். கடையில் காலி டப்பாவுக்குள் வைத்து, குச்சியால் குத்தி, கால் தூக்குவதைப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதைப் பார்த்துத்தான் பலரும் இதன் குணத்தை முடிவு செய்கிறார்கள். வீட்டைப் பிடுங்கிவிட்டு நடுத்தெருவில் நிறுத்தினால் நமக்கும் அதே குணம்தான் வரும்.

ஆகவே இதை வளர்ப்பது என்றால் பெரும்பாலும் வலை பின்ன விடுவது என்றுதான் அர்த்தம். பெட்டி 30 சென்டிமீட்டர் நீள, அகல, உயரம் இருந்தால் போதும், பெரிதாகப் போக வேண்டாம். அடியில் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை காய்ந்த தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கட்டியை ஊறவைத்து உதிர்த்து, வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம், உப்பு கழுவியதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு மூலையில் மரப்பட்டையைச் சாய்த்து வைத்து, அதைச் சுற்றிக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஊன்றுங்கள். வலை கட்ட அதற்குப் பிடிமானம் வேண்டும், வெறும் கண்ணாடிச் சுவர் உதவாது. நம் ஊரில் யூகலிப்டஸ் பட்டைதான் காலடியில் கிடக்கும், அதை எடுக்காதீர்கள், தைல வாடை உள்ள எந்த மரமும் வேண்டாம், பைன், சைப்ரஸ் உட்பட. காய்ந்த சில்வர் ஓக் கிளை நல்லது. தோட்டத்தில் மருந்து படாத இடத்திலிருந்து எடுத்துச் சூடாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முன்கதவுப் பெட்டியா, மேல்மூடிப் பெட்டியா என்பதில் வளர்ப்பவர்களிடையே இன்றும் சண்டை உண்டு. முன்கதவு இருந்தால் தலைக்கு மேலே கை போகாது என்று ஒரு கட்சி. எனக்கு மேல்மூடிதான், அதுவும் மூடியின் மூலையில் தனியாகத் திறக்கும் ஒரு சின்ன வாசலோடு. முன்கதவு வைத்தால் அவள் முதலில் கதவோடு சேர்த்துத்தான் வலை கட்டுவாள். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வீட்டின் ஒரு சுவரைப் பிய்க்கிறோம். சின்ன வாசல் வழியாக நீண்ட இடுக்கியால் இரையைப் போட்டு மூடிவிட்டால் மாதக்கணக்கில் பெரிய மூடியைத் தொடவே வேண்டியதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேலும் வலை போட்டுவிடுவாள், கவலை வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் நீண்ட குழாய் மாட்டி, வலை மேலேயே சொட்டுச் சொட்டாக விட்டால் வந்து குடிப்பாள். நார்த்தூளை நனைக்க வேண்டியதில்லை, உலர்ந்த இடத்துச் சிலந்தி இது.

இனி, நான் செய்த தப்பு. மூன்றாவது வருடம் பெட்டி மாற்றும் வேலை. இதற்கு ஒரு முறை இருக்கிறது: பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டையும் வைத்து, தொட்டியைக் குளியலறைக்குள் வைத்து, வடிகாலை அடைத்து, கதவை உள்ளே சாத்திவிட்டுத் தொடங்க வேண்டும். இரண்டு மூடும் டப்பா, ஒரு நீண்ட மென்மையான தூரிகை, முழங்கை வரை இறுகலான சட்டை. எல்லாம் செய்தேன். அவள் அடியில் சுரங்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து மூடியைத் தூக்கினேன். அவள் மூடியிலேயே இருந்தாள். உள்பக்கத்தில் பால்கோவா நிறத்தில் தடித்த வலைத்தாள் தொங்கியது, அதற்கும் மூடிக்கும் நடுவில் படுத்திருந்திருக்கிறாள். விரலில் ஏதோ பஞ்சு பட்டது போல இருந்தது, அவ்வளவுதான் தெரியும். பார்க்கும்போது முழங்கைக்கு மேலே சட்டை மடிப்பில் ஆரஞ்சாக நின்றுகொண்டிருந்தாள். ஓடிய வழியை என் கண் பார்க்கவே இல்லை. கதவுக்கு வெளியே நின்ற என் மனைவி, "அசையாதீங்க. மூச்சு விடாதீங்க" என்றாள். மூச்சை விடாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று கேட்கக்கூட முடியவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. இந்தச் சிலந்திக்குத் தொடுதலைவிட மூச்சுக் காற்று அதிகம் பிடிக்காது, ஊதினால் பாய்ந்து ஓடும். மனைவியே உள்ளே வந்து, டப்பாவை முன்னால் காட்டி, தூரிகையால் பின்னங்காலை மெல்லத் தொட, சிலந்தி இரண்டு அடி எடுத்து வைத்து உள்ளே போய்விட்டது. கடிக்கவில்லை. என் திறமையால் கடிக்காமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். அன்றிலிருந்து ஒரே ஒரு விதி: டார்ச் அடித்துச் சிலந்தி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பெரிய மூடியைத் தூக்குவதில்லை. தெரியவில்லையா, அன்றைக்கு வேலை இல்லை.

கையில் ஏற்றும் ஆசைக்கு இதிலேயே பதில் இருக்கிறது. அது பழகிவிட்டது என்று வளர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆறு மாதம் கழித்து அமைதியாகத் தெரிவது உண்மை, அது வலை முழுமையானதால் வந்த அமைதி. பெட்டி மாற்றிப் பாருங்கள், முதல் நாள் குணம் திரும்ப வந்து நிற்கும். கையில் ஏற்றுவதில் உங்களுக்குக் கடி ஆபத்து, அதற்கு விழும் ஆபத்து. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து செத்துப்போகலாம்.

கடித்தால்? உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். டரான்டுலா கடித்து மனிதர் செத்ததாக உறுதியான பதிவு இல்லை. ரெட்-நீ கடி தேனீக் கொட்டு போல என்றால் இது அந்தக் கணக்கில் சேராது. கடுமையான வலி, வீக்கம், பிறகு தசைப்பிடிப்பு. என்னோடு சிலந்தி வளர்த்த நண்பர் ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் கடி. முதல் நாள் மாலை முழுக்க வலி, மறுநாள் குறைந்தது, தப்பித்தோம் என்றிருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி கெண்டைக்காலும் தோளும் பிடித்து இழுக்க ஆரம்பித்தது, கடித்த கைப்பக்கம் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க. இரண்டு வாரம் வந்து வந்து போனது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆரஞ்சு நிறத்துக்கு விஷம் அதிகம், சாம்பல் நிறத்துக்குக் குறைவு என்றெல்லாம் பேசுவார்கள், அது வெறும் பேச்சு.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளுக்கானது. சிலந்திக் கடிக்கு அது பயன்படாது, போட்டால் ஒவ்வாமை வரும் ஆபத்துதான் மிச்சம். ஆகவே போனவுடன் 'ஆப்பிரிக்க டரான்டுலா கடித்தது, பாம்பு இல்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரத்தைக் கழற்றி, ஐஸை துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பலாம். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து, டெட்டனஸ் ஊசி இவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மூச்சு இரைத்தாலோ முகம் வீங்கினாலோ அது ஒவ்வாமை, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குழந்தைக்கு என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி. இன்னொன்று, வீட்டுப் பெரியவர்கள் உடம்பில் கொப்புளம் வந்தால் 'எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துடுச்சு' என்று செங்காவி எழுதக் கூட்டிப்போவார்கள். அந்த அக்கி என்பது வைரஸால் வருவது. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஒவ்வொரு தடிப்புக்கும் உங்கள் சிலந்திதான் குற்றவாளி ஆகும், அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குளிர்தான் உங்கள் கேள்வியில் உண்மையிலேயே நம் மலைக்குரிய பகுதி. ஆரஞ்சு வகையைக் கடைக்காரர்கள் உசம்பாரா என்றும் விற்பார்கள். தான்சானியாவில் அந்தப் பெயரில் ஒரு மலைத்தொடர். அங்கேயும் தேயிலை உண்டு. நம் வீட்டு ஜன்னல்களில் சின்னத் தொட்டியில் ஊதாப் பூ பூக்கிறதே, ஆப்பிரிக்கன் வயலட், அதை 1892இல் ஒரு ஜெர்மானிய அதிகாரி கண்டெடுத்ததும் அந்த மலையில்தான். இதைக் கேட்டதும் 'அதுவும் மலை, இதுவும் மலை, தாங்கும்' என்று தோன்றும். தோன்றக் கூடாது. அது நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 5 பாகை தெற்கே. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும். ஊட்டியில் தலைக்குந்தாப் பக்கம் புல்லில் உறைபனி படியும். பெயர்ச் சீட்டில் இருக்கும் ஊரை நம்பிச் சிலந்தியைக் குளிரில் வைக்க முடியாது.

எவ்வளவு சூடு தேவை? 25 முதல் 28 பாகை வரை நன்றாகத் தின்று வளரும். 21, 22இல் நிம்மதியாக வாழும், சாப்பாடு குறையும், வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். ஒரு ஜனவரியில் என் அடுக்ககத்தின் மொத்த வெப்ப அமைப்பும் மூன்று நாள் நின்றுபோய் அறை 15 பாகைக்கு இறங்கியது. அவள் சுரங்கத்தின் அடியில் கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தாள், மூன்று வாரம் எதையும் தொடவில்லை, பிறகு சரியானாள். வளர்ந்த, நன்றாகத் தின்றிருந்த பெண் என்பதால் தப்பினாள். குஞ்சாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

பெட்டியைச் சூடாக்காதீர்கள், அலமாரியைச் சூடாக்குங்கள். சூடேற்றும் விரிப்பைப் பெட்டிக்கு அடியில் வைப்பது பலரும் செய்யும் தப்பு. வெயில் சுட்டால் மண்ணுக்குள் இறங்குவதுதான் சிலந்தியின் வழக்கம், கீழிருந்து சூடு வந்தால் தப்பிக்க இறங்கி நேரே அடுப்பில் போய் உட்காரும். மர அலமாரியின் உள்சுவரில் தெர்மாகோல் ஒட்டி, பக்கச் சுவரில் விரிப்பை மாட்டி, சூட்டை அளந்து விரிப்பைத் தானாக நிறுத்தி ஓட்டும் தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பெட்டி இருக்கும் தட்டில் வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் விரிப்பு மாட்டவே கூடாது. அக்டோபர், நவம்பர் மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று குன்னூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குச் சுடுநீர்ப் பையைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துச் சாத்தினால் ஓர் இரவு ஓடிவிடும். கரிக் கணப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், சிலந்திக்காக அல்ல, அந்தப் புகையில்லாத நச்சுக்காற்று தூங்குகிற மனிதரைக் கொன்றுவிடும். அலமாரிக்கு இன்னொரு லாபம் உண்டு: பூட்டலாம். ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பெட்டிக்கு ஒரு பூட்டு, அலமாரிக்கு ஒரு பூட்டு, சாவி உங்கள் சட்டைப் பையில். இதில் பேரம் கிடையாது. இது முடியாது என்றால் குழந்தை வளரும்வரை ரெட்-நீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் குளிரைவிட எனக்குப் பயம் தேயிலை மருந்து. எஸ்டேட்டில் சிவப்புச் சிலந்திக்கு மருந்தடிக்கிறார்கள் என்று சொல்வோமே, அந்தச் சிவப்புச் சிலந்தி உண்மையில் ஓர் உண்ணி, சிலந்திக்குத் தாயாதி. அதைக் கொல்ல அடிக்கும் மருந்து உங்கள் சிலந்தியையும் பங்காளி என்று பார்த்து விட்டுவிடாது. ஆகவே தோட்டத்து வெட்டுக்கிளி, வரப்புச் சிள்வண்டு எதையும் பிடித்துப் போடாதீர்கள். கோயம்புத்தூரில் மீன், பறவைக் கடைகளில் விற்கும் புழுக்கள் கிடைக்கும், இல்லையென்றால் ஒரு வாளியில் முட்டை அட்டைகளை அடுக்கிச் சிள்வண்டை நீங்களே வளர்க்கலாம், சத்தம் மட்டும் பொறுக்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்குப் பத்து நாளைக்கு ஒன்று போதும். கொசுவத்தி, செருகி வைக்கும் கொசு மருந்து, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. பக்கத்து அறையில் அடித்தாலும் கதவை அடையுங்கள்.

தோல் உரிப்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம், ஆனால் வலைக்குள் நடப்பதால் கண்ணில் படாது. வாசலை வலையால் அடைத்துவிட்டாள், இரையைத் தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், போட்ட சிள்வண்டை வெளியே எடுத்துவிடுங்கள், உரிந்து கிடக்கும் உடம்பை அது கடித்துவிடும். உரித்த பிறகு பத்து நாளாவது பொறுத்து இரை போடுங்கள். அந்தப் பற்கள் வெள்ளையாக வந்து, சிவந்து, கறுத்து இறுக அவ்வளவு நாள் ஆகும்.

சட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், காரணம் அதில் உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில், புதிதாக வரப்போகும் ஓ.பி.டி. இல்லை. நான்கு வருடமாக வீட்டில் இருக்கும் ரெட்-நீ இருக்கிறது, 1985இலிருந்து. நம் வனவிலங்குச் சட்டத்தை 2022இல் திருத்தி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். உயிரோடு வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது, அப்போது ஆறு மாதக் கெடு. பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஓ.பி.டி.யை விடுங்கள், முதலில் மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.

ஓ.பி.டி. பட்டியலில் இல்லை என்பதால் சுத்தம் என்று அர்த்தம் ஆகாது. வெளிநாட்டு உயிரை உரிமம் இல்லாமல் உள்ளே கொண்டுவருவது சுங்கக் குற்றம். 2021 ஜூலையில் சென்னையில் போலந்திலிருந்து வந்த ஒரு தபால் பார்சலைப் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. திருப்பி அனுப்பினார்கள். கோயம்புத்தூர் நண்பரிடம் இதன் தாய் எப்படி வந்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'இங்கேயே பொரித்தது' என்பது பதில் ஆகாது, காகிதம்தான் பதில். காகிதம் இல்லையென்றால் நான் எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்காதீர்கள், மேலே எழுதியது எல்லாம் படித்து வைத்துக்கொள்ள மட்டும். அப்புறம் வளர்க்க முடியவில்லை என்று எந்தக் காலத்திலும் சோலைக்குள் கொண்டுபோய் விடக் கூடாது. அழகுக்கு என்று கொண்டுவந்த உண்ணிச்செடியும், பட்டைக்கு என்று கொண்டுவந்த சீகை மரமும் இந்த மலையை என்ன செய்திருக்கின்றன என்று ஜன்னலைத் திறந்தால் தெரியும்.

காகிதம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, அலமாரி ஒரு மாதம் 25 பாகையில் நிலையாக நின்றது என்றால் மார்ச்சில் எடுத்து வாருங்கள், டிசம்பரில் வேண்டாம். நண்பரிடம் கடைசியாக உரித்த தோலைக் கேட்டு வாங்குங்கள், பெண்தானா என்பதை அதை வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். பகலில் கிளம்புங்கள். காற்றுத் துளை போட்ட குறுகலான டப்பாவில், லேசாக ஈரமான டிஷ்யூ அணைப்போடு வைத்து, அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். மேட்டுப்பாளையத்து வெயிலுக்கும் பர்லியாறு தாண்டி வரும் குளிருக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் கூட இல்லை, கார் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் மூடியைத் தளர்த்தி அப்படியே புதிய பெட்டிக்குள் படுக்கவைத்து, மேல்மூடியைப் பூட்டிவிட்டு வந்துவிடுங்கள், அவளாக வெளியே வருவாள். காலி டப்பாவை அடுத்த மாதம்கூட எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி. மரப்பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு குழல் தெரிந்து, அதன் வாயில் இரண்டு ஆரஞ்சு கால் நுனி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த அன்றைக்கு முதல் சிள்வண்டைப் போடுங்கள்.